மழையில் படம் போனால் டிஷ்ஷைத் திருப்பாதீர்கள்

ஐப்பசி பிறந்தால் எங்கள் வேதாரண்யம் பக்கம் மழை. மழை பிடித்துக்கொண்டால் என் போன் ஓயாது. டிஷ் மாட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும்தான் என் பிழைப்பு, குறை சொல்லவில்லை. ஆனால் போன வாரம் போன வீட்டைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அறுபதைத் தாண்டிய பெரியவர். சீரியல் நடுவே படம் நின்றுவிட்டதென்று கொட்டும் மழையில் ஏணி வைத்து சிமெண்ட் ஷீட்டில் ஏறியிருக்கிறார். டிஷ்ஷைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பும்போதே கால் வழுக்கிவிட்டது. மணிக்கட்டு முறிவு. கையில் கட்டோடு உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னது இதுதான்: "முன்னாடியெல்லாம் திருப்பினா வந்துடுமே தம்பி!"

இந்த ஒரு பேச்சை எத்தனை வீட்டில் கேட்டுவிட்டேன்! இலங்கை டிவியான ரூபவாஹினி பார்த்து வளர்ந்த ஊர் எங்களுடையது. உயரமான பைப்பில் ஆன்டெனா, மாடியில் ஒருவர், ஜன்னலில் ஒருவர், "தெரியுதா? இன்னும் கொஞ்சம் திருப்பு, போதும் போதும்" என்று பழகிய கை இது. கொடைக்கானல் பக்கம் திருப்பினால் தூர்தர்ஷன், இலங்கைப் பக்கம் திருப்பினால் ரூபவாஹினி. பத்து டிகிரி முன்னே பின்னே இருந்தாலும் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும். அதனால்தான் இன்றைக்கும் படம் போனால் கை தானாக மாடிக்குப் போகிறது.

டிஷ் அப்படி வேலை செய்யாது. நாம் பார்க்கும் சாட்டிலைட் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்கிறது. அது நகர்வதில்லை, அதனால் டிஷ்ஷும் நகர வேண்டியதில்லை. 60 சென்டிமீட்டர் டிஷ் வானத்தில் பார்ப்பது மூன்று டிகிரிக்கும் குறைவான இடத்தை. ஒரு டிகிரி என்றால் டிஷ் விளிம்பில் எவ்வளவு தெரியுமா? அரை சென்டிமீட்டர். நீங்கள் கையால் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினால் பத்து இருபது டிகிரி போய்விடும். அதிலும் பக்கவாட்டில் ஒரு கோணம், மேலே கீழே ஒரு கோணம், டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலைப் பிடிக்கும் எல்என்பியைச் சுழற்றி வைத்ததில் ஒரு கோணம் என்று மூன்றையும் சரிபார்த்து வைத்திருப்போம். மூன்றையும் கலைத்துவிட்டு "கொஞ்சம்தான் அசைச்சேன்" என்றால் என்ன செய்வது? மழை நின்றிருந்தால் தானாக வந்திருக்கும் படம், நீங்கள் திருப்பியதால் நான் வந்து சிக்னல் மீட்டர் வைத்துத் தேடும் வரை வராது.

கனமழையில் படம் போவது ரிப்பேர் இல்லை. டிடிஎச் வருகிற கேயூ பாண்ட் என்ற அலைவரிசையின் அலை நீளம் மிகச் சிறியது, மழைத்துளிகள் அதைக் குடித்துவிடும். மேகம் விலகினால் கால் மணி, அரை மணியில் திரும்பிவிடும். மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லையா, அப்போது கூப்பிடுங்கள். சின்னத் தூறலுக்கே படம் போகிறதென்றால் அது வேறு. டிஷ் ஏற்கெனவே லேசாக விலகியிருக்கிறது, இல்லையேல் கனெக்டரில் தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள்.

மார்ச்சிலும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்திலும் சில நாள் தொடர்ந்து காலை பதினொரு மணி வாக்கில் சில நிமிடம் மட்டும் படம் போகும். சூரியன் சரியாக சாட்டிலைட்டுக்குப் பின்னால் வந்து நிற்பதால் வருவது அது. எதையும் தொட வேண்டாம்.

ஆன்டெனா காலத்து இன்னொரு நம்பிக்கை, உயரம். "இன்னும் மேல வெச்சா நல்லா எடுக்கும்ல அண்ணே" என்று தண்ணீர்த் தொட்டி மேல் டிஷ்ஷை வைக்கச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கும் சாட்டிலைட் தென்கிழக்கில் ஏறக்குறைய 70 டிகிரி உயரத்தில், அதாவது தலைக்கு மேலே கொஞ்சம் சாய்வாக இருக்கிறது. 36,000 கிலோமீட்டருக்கு முன்னால் உங்கள் பத்தடி எந்த மூலைக்கு? தென்கிழக்கு வானம் திறந்திருந்தால் முற்றத்துத் தரையில் வைத்தாலும் அதே சிக்னல்தான். உயரத்தில் வைத்தால் காற்றடி அதிகம், ஏறி இறங்க ஆபத்து அதிகம், வேறு லாபம் இல்லை. மறைப்புதான் கெடுதல். 2018 கஜா புயலில் விழுந்த தென்னைகளுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் இப்போது நன்றாக வளர்ந்துவிட்டன. காற்றடித்தால் மட்டும் படம் விட்டு விட்டு வருகிற வீடுகளில் நான் முதலில் பார்ப்பது தென்கிழக்கே எந்த மட்டை டிஷ்ஷுக்கு முன்னால் ஆடுகிறது என்றுதான்.

இனி இரண்டு டிவி விவகாரம். ஒரு ஒயரை இரண்டாகப் பிரிக்க கேபிள் டிவிக்குப் போடும் ஸ்ப்ளிட்டரை டிஷ் ஒயரில் போடாதீர்கள். அது 1000 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான், டிஷ்ஷிலிருந்து இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 வரை. அது மட்டும் இல்லை. உங்கள் செட்டாப் பாக்ஸ்தான் அதே ஒயர் வழியாக எல்என்பிக்கு கரண்ட் அனுப்புகிறது. 13 வோல்ட் அனுப்பினால் ஒரு பாதிச் சேனல்கள், 18 வோல்ட் அனுப்பினால் மறு பாதி. ஒரே எல்என்பியிடம் ஒரு பாக்ஸ் பதின்மூன்றும் இன்னொன்று பதினெட்டும் கேட்டால் அது யார் பேச்சைக் கேட்கும்? "அவங்க ரூம்ல சேனல் மாத்தினா எங்க டிவி நின்னுடுது" என்று மாமியாரும் மருமகளும் மாறி மாறிக் குறைப்படுவதற்கு இதுதான் காரணம். இரண்டு அவுட் உள்ள ட்வின் எல்என்பி போட்டு, ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனி ஒயர் இழுத்தால் தீர்ந்தது.

உண்மையில் நான் பார்க்கும் கோளாறில் பெரும்பகுதி எல்என்பியின் கழுத்தில் ஒயரை மாட்டும் அந்தச் சின்ன எஃப் கனெக்டரில்தான். கடற்கரை உப்புக்காற்று இங்கே இரும்பையே தின்கிறது, கனெக்டரை விடுமா? கழற்றினால் நடுச்செம்பு பச்சைப் பாசி பிடித்து ஊசிமுனையாய்த் தேய்ந்திருக்கும். சில வீடுகளில் தண்ணீர் பின்னல் ஒயரின் உள்ளேயே இறங்கி, கீழே பாக்ஸின் பின்பக்கம் சொட்டும். அதற்கு மருந்தென்று எல்என்பிக்கு பாலிதீன் பை கட்டுகிறீர்கள். உள்ளே வியர்த்து அதுவே தண்ணீரைத் தேக்குகிறது, தயவுசெய்து அவிழ்த்துவிடுங்கள். கனெக்டருக்கு மேல் இழுத்து ஒட்டும் ரப்பர் டேப் சுற்றி, ஒயரைக் கீழே ஒரு வளையம் தொங்கவிட்டால் போதும், தண்ணீர் அந்த வளையத்தில் சொட்டிவிடும்.

வீட்டிலேயே செய்யக்கூடியது உண்டு. எல்லாச் சேனலும் போனதா, சிலது மட்டுமா பாருங்கள். சிலது மட்டுமென்றால் முதலில் ரீசார்ஜையும் பேக்கையும் பாருங்கள். பாக்ஸை சுவிட்சில் அணைத்துவிட்டு, பின்னால் உள்ள ஒயரைக் கழற்றி, சுற்றியிருக்கும் பின்னல் கம்பியின் இழையொன்று நடுக்கம்பியைத் தொடுகிறதா பாருங்கள், தொட்டால் எல்என்பிக்கு கரண்டே போகாது. அணைக்காமல் தொடாதீர்கள், எர்த் இல்லாத வீடுகளில் சுரீர் என்கும். பிறகு பாக்ஸ் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஸ்ட்ரென்த் எண்பது தொண்ணூறு காட்டுகிறது, ஆகவே பாக்ஸ்தான் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். டிஷ் வேறு சாட்டிலைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஸ்ட்ரென்த் ஏறும். அதே பக்கத்தில் காட்டும் குவாலிட்டிதான் கணக்கு. படம் நன்றாக இருக்கும் வெயில் நாளிலேயே அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், கோளாறு வரும்போது ஒப்பிடலாம், எனக்கும் அனுப்பலாம்.

ஈபி லைன் பக்கம் டிஷ் பைப் நிறுத்தாதீர்கள். இடி மின்னலில் மொட்டை மாடிக்குப் போகாதீர்கள். வயதானவர்களை சீரியலுக்காக ஏணியில் ஏறவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கும் ஒன்று. இரண்டு போல்ட்டில் நிறுத்திவிட்டு ஓடாதீர்கள், நான்கும் போடுங்கள். பைப் தூக்குக்குண்டு வைத்ததுபோல் நேராக நிற்க வேண்டும். நட்டு இறுக்கிய பிறகு பைப்புக்கும் கிளாம்புக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு இழுத்து, வீட்டுக்காரரிடம் காட்டிவிட்டு வாருங்கள். காற்றில் டிஷ் திரும்பியிருந்தால் கோடு விலகி நிற்கும். அவர் கீழே நின்றே பார்த்துவிட்டு உங்களுக்கு போன் செய்வார்.