களிமண் சாயத்தைத் தின்பதில்லை

இந்த வாரமும் ஒரு போத்தல் வந்தது. கொண்டுவந்தவர் மருதமுனைப் பக்கத்துக் கைத்தறிக்காரர். "சாயத்தொட்டித் தண்ணீரில் வயல் களியைக் கரைத்து ஊற்றினேன் சேர். நிறமே இல்லை. இனி வளவுக்குள் விடலாம்தானே?" என்றார். கைப்பேசியில் ஒரு காணொளியையும் காட்டினார். நீலத் தண்ணீரில் களிமண் விழுகிறது, கலக்குகிறார்கள், நீலம் மறைகிறது, கைதட்டுகிறார்கள். அதை எடுத்தவர் ஒருநாள் என் ஆய்வுகூடத்துக்கு வந்தால் நல்லது.

காணொளி பொய்யல்ல. அதில் இருப்பது பெரும்பாலும் மெதிலீன் நீலம். களிக் கனிமங்களின் படைகள் மறையேற்றம் (−) கொண்டவை, மெதிலீன் நீலம் நேரேற்றம் (+) கொண்டது. ஒட்டாமல் எங்கே போகும்? ஒரு களி எவ்வளவு பிடிக்கும் என்று அளப்பதற்கே நாங்கள் மெதிலீன் நீலத்தைப் பயன்படுத்துகிறோம். வெல்வதற்கென்றே தேர்ந்தெடுத்த சாயத்தை வைத்து வித்தை காட்டுகிறார்கள்.

பருத்தி நூலுக்கு நீங்கள் போடும், நாரோடு பிணையும் ரியாக்டிவ் சாயத்தின் கதை வேறு. தண்ணீரில் கரைவதற்காகவே அதில் சல்போனேற்றுக் கூட்டங்கள் இருக்கின்றன. அவை மறையேற்றம் கொண்டவை, களியும் அப்படித்தான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். களி எல்லாம் ஒரே களியும் அல்ல. மன்னார்ப் பக்கத்து முருங்கனில் கிடைப்பது போன்ற மொன்மோரிலோனைற்றுக் களியின் 100 கிராம் 80 முதல் 120 மில்லிச்சமவலு (ஏற்றத்தை அளக்கும் அலகு) வரை நேரயன்களை, அதாவது நேரேற்றம் கொண்டவற்றை, மாற்றிக்கொள்ளும். கயோலினைற்று என்ற மற்றொரு களி 15ஐத் தாண்டுவதே அரிது. செம்மண்ணில் உள்ள இரும்பு ஒட்சைட்டு புளிப்பான நீரில் உங்கள் சாயத்தைக் கொஞ்சம் பிடிக்கும். ஆனால் சோடா போட்ட தொட்டியின் பி.எச். 11 அளவில் நிற்கும்போது அதுவும் கைவிட்டுவிடும்.

நேரேற்றப் படைகள் கொண்ட பொருட்களும் உண்டு. ஐதரோதல்சைற்று அவற்றில் ஒன்று. 500 பாகை செல்சியஸ் அளவில் சுட்டு நீரில் போட்டால் மறையேற்றச் சாயத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். ஆனால் அது சாயத்தைவிட அதிகம் விரும்புவது காபனேற்றை. சோடா என்றால் சோடியம் காபனேற்று, உங்கள் தொட்டி நிறைய இருப்பதும் அதுதான்.

அப்படியானால் இந்தத் தண்ணீர் எப்படித் தெளிந்தது? துருவிக் கேட்டதும் வந்தது பதில்: "ஒரு கைப்பிடி ஹைட்ரோசும் போட்டேன்." அதுதானே! ஹைட்ரோஸ் என்பது சோடியம் டைதயோனைற்று, நிறம் நீக்கும் தூள். நிறத்தைப் போக்கியது ஹைட்ரோஸ், பெயர் வாங்கியது களி.

தயவுசெய்து இதை மட்டும் மனத்தில் வையுங்கள். நிறம் போவதும் நஞ்சு போவதும் ஒன்றல்ல. நிறம் என்பது மூலக்கூறின் ஒரு பகுதி ஒளியை உறிஞ்சுவதால் தெரிவது. அசோ சாயத்தில் அந்தப் பகுதி இரண்டு நைதரசன் அணுக்களின் பிணைப்பு. ஹைட்ரோஸ் அதை உடைக்கும், மிச்சம் தண்ணீரிலேயே கிடக்கும். உடைந்து வருபவை அரோமற்றிக் அமைன்கள். அவற்றில் சில சாயத்தைவிடப் பொல்லாதவை. பழைய சாயங்கள் சிலவற்றிலிருந்து வரும் பென்சிடீன், மனிதருக்குப் புற்றுநோய் தருவது என உறுதிசெய்யப்பட்ட பொருள். இண்டிகோ போன்ற வாட் சாயத்தில் ஹைட்ரோஸ் போட்டு நிறம் மாறினால், காற்றுப் பட்டதும் பழைய நிறம் திரும்பிவிடும். இதைத் தினமும் கண்ணால் காண்பவர்களே நம்மிடம் வந்து "நிறம் செத்துவிட்டது" என்கிறார்கள்.

சரி, களி உண்மையிலேயே சாயத்தைப் பிடித்தது என்றே வைத்துக்கொள்வோம். கடன் கைமாறியதே தவிர அடைபடவில்லை. அடியில் படிந்த சேறுதான் இப்போது சாயம். அதை வாவிக்கரையில் கொட்டினால் மாரி மழை களியையும் சாயத்தையும் சேர்த்தே இழுத்துப்போகும்.

உப்பை யாரும் கேட்பதே இல்லை. சாயத்தொட்டியில் லீற்றருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறோம், கடல்நீரிலேயே 35 கிராம்தான். களி அதைத் தொடாது. நமது கரையோரம் வெறும் மணல். ஊற்றியது நேரே கீழிறங்கும், ஆழமற்ற கிணறுகள் பக்கத்திலேயே இருக்கின்றன.

ஆகவே சாயத்தையும் உப்பையும் நிறுத்துப் போடுங்கள், கண்மதிப்பு வேண்டாம். முதல் தொட்டி நீரையும் அலசல் நீரையும் கலக்காதீர்கள். கடைசி அலசல் நீரை அடுத்த முறை முதல் அலசலுக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் தொட்டி நீர் சீமெந்துத் தொட்டிக்குள்தான் போக வேண்டும், மணற்குழிக்குள் அல்ல. நிறம் போக்க ஹைட்ரோஸ் போடவே கூடாது. சேற்றை நிலம் நிரப்பவோ கீரைப் பாத்திக்கோ கொடுக்காதீர்கள். எங்கே ஒப்படைப்பது என்று பிரதேச சபையிடமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும் கேளுங்கள். சாயத்தூளை அள்ளும்போது முகக்கவசம் அணியுங்கள், ரியாக்டிவ் தூள் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள், அம்மாமாரே.

உங்கள் கிணற்றை மட்டுமல்ல, அயல்வீட்டுக் கிணற்றையும் மாரிக்கு முன்னும் பின்னும் மின்கடத்துதிறனுக்குச் சோதியுங்கள், நீரில் உப்பு கூடினால் அது ஏறும். அளவு ஏறிக்கொண்டே போனால் மாரிக்காகக் காத்திருக்காமல் அன்றே சாய நீர் விடும் குழியை மூடிவிடுங்கள்.