பள்ளிக் கட்டடம் ஒழுகுகிறதா? பணம் எந்தக் கணக்கில் வரும்?

கழிப்பறைக் குழாய் உடைந்தாலும் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தாலும் பெற்றோர் போய் நிற்பது தலைமை ஆசிரியர் முன்னால்தான். அவர் கையில் இருப்பதோ சொற்பம். மத்திய அரசும் தமிழக அரசும் 60:40 என்று செலவைப் பகிரும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டு மானியம் உண்டு. மாணவர் எண்ணிக்கை 30 வரை இருந்தால் 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். அதிலும் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மின்கட்டணமும் சாக்பீஸும் போக மிஞ்சுவதில் குழாய் மாற்றலாம், கதவுக்குத் தாழ்ப்பாள் போடலாம். தளம் ஒழுகினால் இந்தப் பணம் காணாது.

பெரிய வேலைக்கு வேறு வழிகள். 2022-23 தமிழக நிதிநிலை அறிக்கையில் வந்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாயில் 18,000 வகுப்பறைகள் கட்டுவதாக அறிவித்தது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு நபார்டு என்னும் வேளாண், ஊரக வளர்ச்சி வங்கியின் கடனிலும் கட்டடங்கள் எழுகின்றன. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் செலவில் மூன்றில் ஒரு பங்கை ஊரார் தந்தால் மீதியை அரசு போடும். ஏழைகள் நிறைந்த ஊரில் அந்த ஒரு பங்கைத் திரட்டுவதே பெரும்பாடு. எம்.எல்.ஏ. தொகுதி நிதியும் உண்டு. எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். கிராமத்துத் தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றிய அலுவலகம்; உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பொதுப்பணித் துறை.

மனுவைவிட வலுவான காகிதம் ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 22-ஆம் பிரிவுப்படி, பள்ளி மேலாண்மைக் குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசு மானியத்துக்கு அடிப்படை. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மானியம் செலவாவதைக் கண்காணிக்கும் பொறுப்பும் அவர்களுடையதே. ஆனால் பல ஊர்களில் தீர்மான நோட்டு கையெழுத்துக்காக மட்டும் வீடு தேடி வருகிறது.

அடுத்த கூட்டத்தில் யுடைஸ் படிவத்தையும் கேட்டுப் பாருங்கள். பள்ளி ஆண்டுதோறும் அரசுக்கு அனுப்பும் விவரம் அது. நல்ல நிலை, சிறு பழுது, பெரும் பழுது என்று எத்தனை வகுப்பறைகள் என அதில் எழுத வேண்டும். கம்பி தெரியும் கூரையுள்ள அறை ‘நல்ல நிலை’ கணக்கில் சேர்ந்திருந்தால், முதலில் திருத்த வேண்டியது அந்த எண்ணைத்தான்.