டயட் சார்ட்டை வாங்கிக்கொள்வது யார்?

எடை குறைக்க மனைவியை அழைத்து வரும் கணவர்களை உணவியல் ஆலோசகராக நான் அடிக்கடி பார்க்கிறேன். பலர் உண்மையான அக்கறையோடுதான் வருகிறார்கள். சிலர் வருகிற விதமே வேறு. "காலையில என்னம்மா சாப்பிடுவீங்க?" என்று மனைவியிடம் கேட்டால், "நாலு இட்லி மேடம், ரெண்டு போதும்னா கேக்க மாட்டா" என்று கணவர் பதில் சொல்வார். மனைவி மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் டயட் சார்ட்டை நீட்டினால், அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதும் கணவர்தான்.

அப்படிப்பட்ட வீட்டில் அந்தத் தாள் சட்டப் புத்தகமாகிவிடும். ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வேளா வேளைக்குத் தட்டைப் படம் பிடித்துக் கணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். ஞாயிறு காலை மாமியார் எதிரில் எடை மெஷினில் ஏற வேண்டும். கூடியிருந்தால் அம்மா வீட்டுப் பயணம் ரத்து. பகலெல்லாம் அரைவயிறு. எல்லோரும் தூங்கிய பிறகு, விளக்குப் போடாமல் சமையலறையில் மிச்சச் சோறு, பிள்ளைகளின் பிஸ்கட், சர்க்கரை என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் உள்ளே போகும். அப்புறம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் வாந்தி.

"எனக்குக் கட்டுப்பாடே இல்ல மேடம்" என்று அழுதார். நாள் முழுக்கக் கட்டுப்பாட்டிலேயே வாழ்ந்த பெண் அவர்.

இந்த நோய்க்கு புலிமியா என்று பெயர். பட்டினி போட்ட உடல் ஒரு கட்டத்தில் அள்ளிச் சாப்பிடும். அது உடலின் இயல்பு. பயமும் அவமானமும் சேரும்போது வாந்தி எடுப்பதே சற்று நேர நிம்மதியாகிவிடுகிறது. வேறு சிலர் நேர் எதிர்த்திசையில் போவார்கள். எங்கே போவது, யாரிடம் பேசுவது என எல்லாமே அடுத்தவர் முடிவு என்றாகும்போது, சாப்பிட மறுப்பது ஒன்றுதான் தன் கையில் மிச்சம் என்று தோன்றிவிடும். நம் ஊரில் அதற்கு மரியாதையான மறைப்பும் உண்டு: செவ்வாய், வெள்ளி, சஷ்டி என்று விரதங்கள் கூடிக்கொண்டே போகும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் கணவர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பரம்பரை, சிறுவயது அனுபவம், பிறவிக் குணம் எல்லாம் இதில் உண்டு. ஏற்கெனவே நோய் இருந்தால், துன்புறுத்துபவருக்கு அதுவே ஆயுதம்: "உனக்கே மனசு சரியில்ல, உன்னை யார் நம்புவா?" ஆண்களுக்கும் இது நடக்கிறது, அவர்கள் இன்னும் தாமதமாகத்தான் வாய் திறக்கிறார்கள்.

புலிமியா உள்ளவர்களின் எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும், அதனால் கண்ணில் படாமல் தப்பிவிடும். முன்பற்களின் உட்புறம் அரித்திருப்பது, விரல் முட்டியில் பல் பட்ட தழும்பு, காதுக்குக் கீழே கன்னம் உப்பியிருப்பது போன்றவற்றைக் கவனிக்க வேண்டும். பல சமயம் முதலில் பார்ப்பவர் பல் மருத்துவர். தொடர்ந்து வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும். இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே சந்தேகம் வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை, ஈசிஜி. மனநல மருத்துவரும் வேண்டும்.

சக ஆலோசகர்களுக்கு ஒன்று: நோயாளியிடம் தனியாகப் பேசுங்கள். "எடை பார்க்கணும், உள்ள வாங்க" என்று அழைத்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். "நீங்க சாப்பிடறப்ப வீட்ல யாராவது கணக்குப் பாப்பாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் எடையையும் கலோரியையும் எழுதிக் கொடுக்காதீர்கள். கணவன் மனைவியைச் சேர்த்து உட்கார வைத்து சமாதானம் பேசவும் வேண்டாம். அங்கே உண்மையைச் சொன்னால் வீட்டில் அதற்குத் தண்டனை காத்திருக்கும்.

அடி விழுந்தால்தான் வன்முறை என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இழிவாகப் பேசுவது, மனரீதியாகத் துன்புறுத்துவது, செலவுக்குப் பணம் தராமல் முடக்குவது எல்லாம் அதில் அடங்கும். திருமணம் செய்யாமல் கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழும் பெண்களுக்கும் அது பொருந்தும்.

வீட்டை விட்டு வந்த மறுநாளே நோய் போய்விடாது. வெளியே வந்து மாதக்கணக்காகியும் தினமும் எடை பார்ப்பவர்கள் உண்டு. பிறந்த வீட்டுக்காரர்கள் "இளைச்சுட்டியே", "பூசினாப்ல ஆயிட்டியே" போன்ற பேச்சை நிறுத்தினாலே பெரிய உதவி.

பெண்கள் உதவி எண் 181. மனநல ஆலோசனைக்கு 14416. தமிழிலும் பேசலாம், இரண்டுமே இலவசம். வீட்டில் உங்கள் போனை எடுத்துப் பார்க்கிறார்கள் என்றால், நம்பகமான வேறொருவர் போனிலிருந்து கூப்பிடுங்கள்.