விற்பனைக்கான படத்தை வீட்டிலேயே திருத்துகிறீர்களா? முதலில் நிறத்தைக் கவனியுங்கள்

"படத்தில் பார்த்த நிறம் வேறு, கைக்கு வந்த நிறம் வேறு." இணையத்தில் பொருள் விற்பவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் கேட்கும் புகார் இது. விற்பவர் ஏமாற்ற நினைத்திருக்கவே மாட்டார். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்த படம் மங்கலாக இருந்திருக்கும், பளிச்சென்று தெரியட்டும் என்று சாச்சுரேஷனை (நிறத்தின் அழுத்தத்தை) கூட்டியிருப்பார். அந்த ஒரு ஸ்லைடரால் அரக்கு நிறத் துணி படத்தில் சிவப்பாகிவிடுகிறது. படத்தை நம்பி வாங்கியவருக்கு ஏமாற்றம், விற்றவருக்கு அனுப்பவும் திருப்பியெடுக்கவும் இரண்டு வழிச் செலவு. எடிட்டிங்கில் எதைச் செய்தாலும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அதனுடன் ஒப்பிட்டே செய்ய வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. கணினியில் ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள் போதும், முற்றிலும் இலவசம். 2025இல் வந்த அதன் 3.0 பதிப்பில் பல ஃபில்டர்களைப் போட்ட பிறகும் திரும்பிப் போய் மாற்றலாம். எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால் ப்ரவுசரிலேயே இயங்கும் ஃபோட்டோபியா இருக்கிறது. கேமரா பதப்படுத்தாமல் பதியும் ரா கோப்புகளுக்கு டார்க்டேபிள், ராதெரபி. மொபைலிலேயே முடித்துவிட ஸ்னாப்சீட். கிராக் செய்த மென்பொருளைத் தேடிப் போகாதீர்கள், அதனுடன் வைரஸும் வரலாம். இலவச மென்பொருளையும் அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள். 2022இல் ஜிம்ப் தளத்தைப் போலவே தோன்றும் போலித் தளம் ஒன்று தேடல் விளம்பரமாகவே வந்து, கடவுச்சொற்களைத் திருடும் நிரலைப் பரப்பியது. தேடல் முடிவில் 'விளம்பரம்' என்று போட்டிருக்கும் முதல் இணைப்பைத் தவிர்ப்பது நல்ல பழக்கம்.

எடுக்கும்போதே கெட்டுப்போகும் படங்கள்

சில பிழைகளை எந்த மென்பொருளும் சரிசெய்யாது. முதலாவது கலப்பு வெளிச்சம். ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் அறை விளக்கு என்றால், பொருளின் ஒரு பாதி நீலம் கலந்தும் மறுபாதி மஞ்சள் கலந்தும் பதிவாகும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் அளவில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்: பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வின், மஞ்சள் பல்ப் 2700 முதல் 3000 கெல்வின். வெளிச்சத்தின் நிறச் சாயலை நீக்கும் ஒயிட் பேலன்ஸ், படம் முழுவதையும் ஒரே அளவில்தான் நகர்த்தும். நீலத்தைச் சரிசெய்தால் மஞ்சள் இன்னும் கூடும். ஆகவே ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது அறை விளக்கை அணைத்துவிடுங்கள். நிறம் பூசிய சுவரும் விளக்கைப் போலத்தான் வேலை செய்யும். பக்கத்துப் பச்சைச் சுவரின் சாயல் வெள்ளைப் பீங்கானில் அப்படியே தெரியும்.

இரண்டாவது, மட்டமான எல்இடி. ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு சிஆர்ஐ; அது 80-ஐ ஒட்டிய பல விளக்குகளில் ஆழ்ந்த சிவப்புக்கான ஒளி குறைவு. விளக்கில் இல்லாத ஒளியைப் படத்தில் பின்னால் சேர்க்க முடியாது. பெட்டியில் சிஆர்ஐ 90 அல்லது அதற்கு மேல் என்று இருக்கும் விளக்கை வாங்குங்கள்.

மொபைலில் போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம். அது பின்னணியை மங்கலாக்கும்போது பொருளின் கைப்பிடியையும் விளிம்பையும் சேர்த்தே தின்றுவிடும். மிக நெருங்கிப் போய் எடுத்தால் பாட்டிலின் கழுத்து பெருத்து அடிப்பாகம் சிறுத்துத் தெரியும். இரண்டடி பின்வாங்கி 2எக்ஸ் வைத்து எடுங்கள்.

வெள்ளைப் பின்னணியில் எடுத்த படம் சாம்பலாக வருவது கேமராவின் கோளாறு அல்ல. எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரும்படிதான் அதன் ஒளி அளவீடு அமைக்கப்பட்டிருக்கிறது. எக்ஸ்போஷரை (கேமரா ஏற்கும் ஒளியின் அளவை) +0.7 முதல் +1 வரை கூட்டி எடுத்தால் பின்னால் பாதி வேலை மிச்சம். ஆனால் அழுத்தமான சிவப்பு, மஞ்சள் துணிகளில் இதே கூட்டல் ஆபத்து. படத்தில் எந்த வெளிச்ச அளவு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடமான ஜிம்ப்பின் ஹிஸ்டோகிராமில் சிவப்புச் சேனலை மட்டும் தனியாகப் பாருங்கள். வரைபடம் வலது ஓரத்தில் சுவரில் மோதியதுபோல் குவிந்திருந்தால், அந்தப் பகுதியில் நெசவும் மடிப்பும் தொலைந்துவிட்டன. படம் மொத்தமாகப் பார்க்கச் சரியான வெளிச்சத்தில்தான் இருக்கும், துணி மட்டும் பெயின்ட் அடித்த அட்டைபோல் தெரியும். ஜேபெக்கில் அதை மீட்க வழியில்லை, எக்ஸ்போஷரைக் குறைத்துத் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

நிறமும் வெள்ளையும்

திருத்த உட்காருவதற்கு முன் திரையின் நைட் லைட் வசதியை அணையுங்கள். அது திரையை மஞ்சளாக்குவதால் உங்கள் கை தானாகவே படத்தை நீலத்தின் பக்கம் தள்ளும். வெளிச்ச அளவை உச்சத்தில் வைத்தும் திருத்தாதீர்கள். மற்றவர் திரையில் படம் இருண்டு தெரியும்.

பொருளுடன் ஒரு சாம்பல் அட்டையை வைத்து, அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம்ப்பில் கலர்ஸ் மெனுவில் உள்ள லெவல்ஸைத் திறந்து, நடுவில் இருக்கும் சாம்பல் புள்ளிக்கான ஐ-டிராப்பரால் அட்டையின் மேல் க்ளிக் செய்தால் நிறச் சாயல் விலகும். அந்த அமைப்பைச் சேமித்து, அதே இடத்தில் எடுத்த மற்ற படங்களுக்கும் பயன்படுத்துங்கள். வெள்ளைத் தாளின் மேல் க்ளிக் செய்து சமாளிப்பவர்கள் உண்டு. ஆனால் பல தாள்களில் வெண்மைக்காகச் சேர்க்கும் வேதிப்பொருள் லேசான நீலத்தைத் தரும்; அதைச் சாம்பல் என்று மென்பொருளிடம் சொன்னால் படம் மஞ்சளடிக்கும்.

அடுத்தது பின்னணி. முதன்மைப் படத்தின் பின்னணி, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்ச அளவில் உள்ள 255, 255, 255 என்ற தூய வெள்ளையாகவும், பொருள் சட்டத்தில் 85 சதவீதம் நிறைந்தும் இருக்க வேண்டும் என்பது அமேசானின் விதி. இதற்காகப் படம் முழுவதையும் வெளுக்க வைப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. லேயரை (படத்தின் அடுக்கை) நகலெடுத்து, மேல் லேயரில் மட்டும் லெவல்ஸின் வலது முக்கோணத்தை 255-இலிருந்து 235 அளவுக்கு இழுங்கள். 235-க்கு மேல் இருந்தவை எல்லாம் தூய வெள்ளையாகும், பொருளும் வெளிறும். இப்போது அந்த லேயருக்கு, எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் வெள்ளை மாஸ்க் சேர்த்து, பொருளின் மேல் கருப்பு ப்ரஷ்ஷால் தீட்டினால் கீழே உள்ள அசல் நிறம் திரும்பிவிடும். பொருளின் அடியைச் சுற்றி ப்ரஷ்ஷின் ஒபாசிட்டியை 30 சதவீதமாகக் குறைத்துத் தீட்டுங்கள். தரையைத் தொடும் இடத்து நிழல் மெலிதாகத் தங்க வேண்டும். அதையும் அழித்தால் பொருள் அந்தரத்தில் மிதக்கும்.

கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவதும் 255-உம் ஒன்றல்ல. சரிபார்க்க, படத்தைக் கருப்பு வெள்ளையாக மட்டும் பிரிக்கும் த்ரெஷோல்டைத் திறந்து கீழ் எல்லையை 255-க்குக் கொண்டுபோங்கள். 255-ஐ எட்டிய இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும், மிச்சமெல்லாம் கருப்பாகிவிடும். மூலைகளில் கருப்புத் திட்டு தெரிந்தால் அங்கே இன்னும் சாம்பல் இருக்கிறது. பார்த்துவிட்டு கேன்சல் கொடுத்து வெளியே வாருங்கள்.

பொருளைத் தனியே வெட்டியெடுக்க வேண்டுமானால் ஒத்த நிறத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் ஃபஸி செலக்டை நம்பாமல், கையால் கோடு வரையும் பாத் டூலைப் பழகுங்கள். கோட்டை விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே தள்ளிப் போட்டு, விளிம்பை மென்மையாக்கும் ஃபெதரை 1 பிக்சல் வையுங்கள். விளிம்பிலேயே போட்டால் பழைய பின்னணியின் நிறம் நூல்போல் ஒட்டிக்கொண்டு வரும். குஞ்சம், கம்பளி போன்றவற்றை வெட்டவே வேண்டாம். மாஸ்க் முறையே நல்லது.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

தூசி, கைரேகை, விலைச் சீட்டின் பசைத் தடம் ஆகியவற்றை பக்கத்துப் பரப்பைக் கொண்டு கறையை மறைக்கும் ஹீல் டூலால் தாராளமாக எடுக்கலாம். பழைய பொருளின் கீறலையும் கைத்தொழில் பொருளின் இயல்பான மேடுபள்ளத்தையும் எடுக்கக்கூடாது. வாங்குபவருக்கு அவை தெரிந்தாக வேண்டும். ஏஐ கருவியால் பின்னணி மாற்றியிருந்தால் படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி லேபிள் எழுத்துகளையும் தையலையும் பொத்தான்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். இல்லாத தையலை அவை சத்தமில்லாமல் சேர்த்துவிடுவது உண்டு.

முடிவில் அளவைக் குறைத்து, அதன் பிறகே ஷார்ப்பன் செய்யுங்கள் (விளிம்புகளைக் கூர்மையாக்குங்கள்). பெரிய படத்தில் செய்தது அளவு குறையும்போது வீணாகும். அன்ஷார்ப் மாஸ்க்கில் ரேடியஸ் 1, அமௌன்ட் 0.4 போதும், விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் கூடிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிற ப்ரொஃபைலுக்கு மாற்றி, தரம் 85–90-இல் ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். சிவப்புப் பொருள் என்றால், நிற விவரத்தைக் குறைத்துச் சேமிக்கும் சப்சாம்ப்ளிங், எதையும் குறைக்காத 4:4:4 என்று இருக்கட்டும், இல்லாவிட்டால் சிவப்பின் விளிம்பு கலங்கும். ஜேபெக்கைத் திறந்து திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தரம் இறங்குவதால், மூல வேலையை ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்போர்ட் பெட்டியில் எக்ஸிஃப் (படத்துடன் பதியும் விவரங்கள்) என்ற தேர்வை நீக்க மறக்காதீர்கள். மொபைலில் இருப்பிடப் பதிவு இயங்கிக்கொண்டிருந்தால், எடுத்த வீட்டின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதற்குள்தான் இருக்கும். சில தளங்கள் அதைத் தாமே அகற்றும். அசல் கோப்பாகவே அனுப்பும் மின்னஞ்சலில் அப்படியே போகும். எஃகு, கண்ணாடிப் பொருள்களில் அறையும் ஆளும் பிரதிபலிக்கிறார்களா என்பதையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

பதிவேற்றும் முன் படத்தை வேறொரு மொபைலில் திறந்து, ஜன்னலோரம் பொருளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில துணிகள் பகலில் ஒரு நிறமும் விளக்கொளியில் வேறு நிறமும் காட்டும். அவற்றுக்கு இரண்டு வெளிச்சத்திலும் ஒவ்வொரு படம் போட்டு, எது எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று விவரத்தில் எழுதிவிடுங்கள்.