பழைய எஸ்யூவியில் புதிய இன்ஜின்: டோனர் வண்டி முழுதாக ஏன் தேவை?

1980களில் விற்பனையான டொயோட்டா லேண்ட் குரூசர் எஃப்ஜே60-இல் 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கணினியின்றிக் கலக்கும் கருவி) இன்ஜின் இருந்தது. அதன் திறன் சுமார் 135 குதிரைத்திறன். 1999-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப் வண்டிகளில் வந்த 5.3 லிட்டர் வி8 இன்ஜின் ஏறத்தாழ அதன் இரு மடங்கைத் தந்தது. சேஸியும் ஆக்ஸிலும் இன்னும் உறுதியாக இருக்கும் பழைய எஸ்யூவியில், விபத்தில் சிக்கியோ துருப்பிடித்தோ ஒதுக்கப்பட்ட வேறொரு வண்டியின், அதாவது ‘டோனர்’ வண்டியின், இன்ஜினைப் பொருத்தும் எண்ணம் இப்படித்தான் பிறக்கிறது. தனி இன்ஜின் மலிவாகக் கிடைக்கும்போது வண்டியையே வாங்குவானேன் என்று தோன்றலாம். ஆனால் இரும்பு வேலையை விட மின்சார வேலையே இதில் கடினமானது என்பதால், வண்டியை முழுதாக வாங்குவதே பெரும்பாலும் சிக்கனம்.

கார்புரேட்டர் இன்ஜினுக்குப் பெட்ரோலும் தீப்பொறியும் கிடைத்தால் போதும், ஓடிவிடும். எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜின் அப்படியல்ல. பிஸ்டன்களால் சுழலும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் நிற்கிறது, எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, கழிவு வாயுவில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்பவற்றையெல்லாம் சென்சார்கள் வழியே அறிந்த பிறகே, அதன் கட்டுப்பாட்டுக் கணினியான இசியு, இன்ஜெக்டர்களை எத்தனை மில்லிவினாடி திறப்பது என்று முடிவு செய்கிறது. சென்சாரின் மாதிரி மாறினால் அந்தக் கணக்கு பிசகும். ஆக்ஸிலரேட்டர் பெடலும் பல வண்டிகளில் கேபிளால் இயங்குவதில்லை. பெடலுக்குள் இருக்கும் இரண்டு சென்சார்களின் அளவுகளை இசியு ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவை பொருந்தாவிட்டால் வேகத்தைக் கட்டுப்படுத்திவிடுகிறது. ஆகவே பெடலும் இன்ஜினோடு சேர்ந்தே வர வேண்டும்.

திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் இன்னும் பிடிவாதமானது. சாவியிலுள்ள சிப்பை அடையாளம் காணும் வரை அது இன்ஜினை ஓட விடாது. எனவே சாவி, சாவித் துளை, அதைச் சுற்றியுள்ள ஆன்டெனா ஆகியவற்றையும் கழற்றி எடுத்துவர வேண்டும், அல்லது இசியுவின் மென்பொருளில் அந்தக் காவலை நீக்க வேண்டும். வயரிங்கைப் பொறுத்தவரை, டோனர் வண்டியின் ஹார்னஸை (வயர்களின் கட்டு) வெட்டாமல் முழுதாக எடுத்து மேசை மீது பரப்பி, கதவுக்கும் ஏர்பேக்குக்கும் போகும் வயர்களை வரைபடத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாக விலக்குவதே நல்ல முறை. அவசரப்பட்டு வெட்டிய வயர் பெரும்பாலும் ஏதோவொரு எர்த் இணைப்பாகவே இருக்கும்.

எரிபொருள் அழுத்தமும் மாறுகிறது. கார்புரேட்டருக்கு 0.3 பார் (பார் என்பது அழுத்த அலகு) அளவே போதும். மேற்சொன்ன வி8 கேட்பது சுமார் 4 பார். பழைய ரப்பர் குழாய்கள் அதைத் தாங்கா. டேங்க்குக்குள் புதிய பம்ப்பும் வேண்டும்.

இனி இரும்பு வேலை. பழைய கியர்பாக்ஸை வைத்துக்கொண்டால் அதற்கும் புதிய இன்ஜினுக்கும் இடையே, இரண்டையும் இணைக்கும் ஓர் அடாப்டர் தகடு வரும். கிராங்க் ஷாஃப்ட்டின் மையக் கோடும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் மையக் கோடும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். இதில் மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு அளவிலான பிழைகூடக் கணக்கில் வரும். கிராங்க் ஷாஃப்ட்டின் முனையிலுள்ள சக்கரமான ஃப்ளைவீலில், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, இன்ஜினைக் கையால் சுழற்றி, கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் துளையின் உள்விளிம்பைச் சுற்றி முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பார்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்தால் பேரிங்குகளும் கிளட்ச்சும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

முன் ஆக்ஸில் மேலெழும்போது இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப்பில் இடிக்காதிருக்க, இன்ஜினைச் சற்று உயர்த்தியோ சாய்த்தோ வைக்க நேரிடும். உடனே, சுழற்சியை ஆக்ஸிலுக்குக் கொண்டுசெல்லும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறுகிறது. அதன் முனைகளிலுள்ள வளையும் இணைப்பான யூனிவர்சல் ஜாயின்ட் கோணத்தில் சுழலும்போது, ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். கோணம் 10 பாகையானால் இந்த ஏற்ற இறக்கம் இரு திசையிலும் சுமார் 1.5 விழுக்காடு. ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்றின் தள்ளாட்டத்தை மற்றொன்று சரிசெய்துவிடும். சமமில்லையெனில் வண்டி வேகமெடுக்கும்போது உடல் முழுதும் அதிரும்.

முறுக்குவிசை கூடுவதால் வரும் சுமையைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். முதல் கியர் 4, லோ ரேஞ்ச் (கடினமான பாதைக்கான கூடுதல் மெதுகியர்) 2, ஆக்ஸில் 4 என்று விகிதங்கள் இருந்தால், இன்ஜின் கூடுதலாகத் தரும் 100 நியூட்டன் மீட்டர் சக்கரங்களை அடையும்போது 3,200 ஆகிவிடும். பழைய ஆக்ஸில் ஷாஃப்ட்டுகள் இதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல.

எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குளிர்விப்பு நீருக்கே வெப்பமாகப் போகிறது. மெதுவாக, பாரத்தோடு மேட்டில் ஏறும்போது ரேடியேட்டரின் மேல் காற்று குறைவாகவே வீசும் என்பதால், அதன் அளவையும் விசிறியையும் அந்த நிலைக்கேற்பத் தேர்வு செய்ய வேண்டும். டீசல் இன்ஜினைப் பொருத்தினால் இன்னொரு வேலை சேரும்: அதன் காற்று வழியில் பெட்ரோல் இன்ஜினில் உள்ளதுபோன்ற வெற்றிடம் உருவாகாது, ஆகவே வெற்றிடத்தைக் கொண்டு பிரேக் மிதிப்பை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்குத் தனி வேக்யூம் பம்ப் தேவை.

இவையெல்லாம் பின்னர் வருபவை. டோனர் வண்டி ஓடும் நிலையில் இருக்கும்போதே ஸ்கேனரை மாட்டி, பழுதுக் குறியீடுகளையும், வெப்பமான இன்ஜின் தரும் சென்சார் அளவுகளையும் பதிவு செய்துவிட வேண்டும். புதிய இடத்தில் இன்ஜின் தடுமாறினால், கோளாறு இன்ஜினில் இருந்ததா, பொருத்திய வயரிங்கில் வந்ததா என்று பிரித்தறிய அந்த எண்களோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.