ஸ்பீச் தெரபிக்கு யார் பொறுப்பு? இங்கிலாந்தின் கூட்டு ஏற்பாட்டு விதி

ஐந்து வயதாகியும் பிள்ளைக்குப் பேச்சு சரியாக வரவில்லை. பள்ளியில் கேட்டால், ஸ்பீச் தெரபி அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸின் வேலை என்பார்கள். அங்கே போனால், படிப்புக்குத்தானே கேட்கிறீர்கள், கவுன்சிலை (உள்ளாட்சி மன்றத்தை) பாருங்கள் என்பார்கள். இங்கிலாந்துப் பெற்றோருக்குப் பழகிப்போன இந்த அலைச்சலைக் குறைக்க வந்ததுதான் கூட்டு ஏற்பாட்டு விதி. பிள்ளைகளுக்கும் இளையோருக்குமான சேவைகளைக் கவுன்சிலும் என்.எச்.எஸ்.ஸும் கலந்து பேசித் திட்டமிட வேண்டும் என்பது அதன் சாரம்.

கதை ஒரு குழந்தையின் சாவிலிருந்து தொடங்குகிறது. 2000 பிப்ரவரியில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி லண்டனில் சித்திரவதைப்பட்டு இறந்தாள். சமூக சேவைத் துறை, போலீஸ், மருத்துவமனை எல்லாருக்கும் அவளைத் தெரியும். காப்பாற்றக் கிடைத்த 12 வாய்ப்புகளாவது கைநழுவின என்றது 2003இல் வந்த லேமிங் விசாரணை அறிக்கை. அடுத்த ஆண்டே சிறுவர் சட்டம் வந்து, இந்தத் துறைகள் ஒத்துழைப்பதைக் கடமையாக்கியது. கவுன்சிலும் என்.எச்.எஸ்.ஸும் பணத்தை ஒரே பையில் போட்டுச் செலவழிக்க 2006ஆம் ஆண்டு என்.எச்.எஸ். சட்டத்தின் 75ஆம் பிரிவு இடம் தந்தது. இடம்தான் தந்தது, கட்டாயப்படுத்தவில்லை.

சிறப்புக் கல்வித் தேவையோ மாற்றுத்திறனோ உள்ள 25 வயது வரையிலானவர்களுக்குக் கூட்டு ஏற்பாடு கட்டாயமானது 2014ஆம் ஆண்டுச் சிறுவர், குடும்பங்கள் சட்டத்தில். என்ன சேவை தேவை, அதை யார் தருவது, இரு தரப்புக்கும் தகராறு வந்தால் எப்படிச் சீக்கிரம் தீர்ப்பது என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும் என்கிறது 26ஆம் பிரிவு. 2022 ஜூலை முதல் என்.எச்.எஸ். சார்பில் இந்தப் பொறுப்பு, வட்டாரம்தோறும் மருத்துவ சேவைகளைத் திட்டமிடும் இன்டகிரேட்டட் கேர் போர்டுகளிடம் இருக்கிறது.

சரி, பெற்றோர் கையில் இருப்பது என்ன? என்னைக் கேட்டால், அதே சட்டத்தின் 21(5)தான். பிள்ளைக்குக் கல்வியோ பயிற்சியோ தருகிற மருத்துவ சேவையைச் சிறப்புக் கல்வி உதவியாகவே கருத வேண்டும் என்கிறது அது. ஸ்பீச் தெரபி பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். அப்படியானால், பிள்ளைக்குத் தேவையான கல்வி, மருத்துவ, பராமரிப்பு உதவிகளைப் பட்டியலிடும் இ.எச்.சி. பிளானில் அது 'எஃப்' பகுதியில் எழுதப்பட வேண்டும். எழுதிவிட்டால், என்.எச்.எஸ்.ஸில் ஆள் இல்லை என்று கவுன்சில் கையை விரிக்க முடியாது. எப்படியாவது ஏற்பாடு செய்தாக வேண்டும். 'ஜி' பகுதியில் எழுதினால் அது மருத்துவ உதவிக் கணக்கு. அதில், பெற்றோர் மேல்முறையீடு செய்யும் தீர்ப்பாயம் பரிந்துரைக்கலாம், உத்தரவிட முடியாது.

விண்ணப்பித்த 20 வாரத்தில் பிளான் முடிய வேண்டும். நடுவில் வரைவு வரும்; கருத்துச் சொல்ல 15 நாளாவது தருவார்கள். அப்போது முதலில் 'எஃப்' பகுதியைப் பாருங்கள். 'தேவைக்கேற்ப' என்று இருந்தால் விடாதீர்கள். வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை நிமிடம் என்று எழுதச் சொல்லுங்கள்.