டி-ஷர்ட் ஏன் உழைப்பதில்லை?

சென்ற தீபாவளிக்கு வாங்கிய அடர்நீல டி-ஷர்ட் ஒன்று என் முன் மேசையில் விரித்துக் கிடக்கிறது. கடையில் தொட்டுப் பார்த்தபோது பட்டுப்போல் இருந்தது. நான்கு சலவை முடிவதற்குள் இடப்பக்கத் தையல் வயிற்றை நோக்கி ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்துவிட்டது. நீளம் இரண்டு விரற்கடை குறைந்து, அகலம் கூடியிருக்கிறது. கை உரசும் விலாப்பகுதியில் கடுகளவு உருண்டைகள் கட்டியிருக்கின்றன. இப்படி நேர்ந்தால் சோப்புத்தூளையோ, வாஷிங் மெஷினையோ, உப்புத் தண்ணீரையோ குறை சொல்வது நம் வழக்கம். ஆனால் இந்த மூன்று கோளாறுகளுமே துணி உருவான கட்டங்களில் அதற்குள் சேர்ந்தவை. அவை வெளியே தெரியத் தண்ணீர் படவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வேட்டித் துணியில் பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றையொன்று குறுக்கிட்டு, ஏறக்குறைய நேர்க்கோடாகக் கிடக்கின்றன. அதைப் பிடித்து இழுத்தால் நூலே நீளவேண்டும். பருத்தி நூல் அவ்வளவாக நீளாது. பனியன் துணியிலோ நூல் எங்குமே நேராக இல்லை. ஓடிவரும் நூல் வளைந்து ஒரு கண்ணியாகிறது. அடுத்த வரிசையின் கண்ணி அதற்குள் நுழைந்து நிற்கிறது. இழுக்கும்போது நீள்வது நூலன்று, கண்ணியின் வடிவம். பொத்தானே இல்லாத ஆடையைத் தலைவழியாகப் போட்டுக்கொள்ள முடிவது இதனால்தான். வடிவம் மாறக்கூடிய துணி என்பதால், அதன் இயல்புக்கு ஒவ்வாத ஒரு வடிவத்தில் தற்காலிகமாக நிறுத்திவைத்து விற்றுவிடவும் முடிகிறது.

திருப்பூரில் ஏதேனும் ஒரு நிட்டிங் கம்பெனிக்குள் போனால், ஆளுயரத்துக்கும் மேற்பட்ட வட்டப் பின்னல் இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருப்பதைக் காணலாம். 30 அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 24 ஊசி என்ற கணக்கும் உள்ள ஓர் இயந்திரத்தின் வட்டத்தில் சுமார் 2,260 ஊசிகள் நிற்கின்றன. ஒவ்வோர் ஊசியின் நுனியிலும் கொக்கியும், அதை மூடித் திறக்கும் சிறு நாக்கும் உண்டு. ஊசி எழுந்து நூலைக் கவ்வி இறங்கும்போது, பழைய கண்ணி நாக்கை மூடிக்கொண்டு மேலே வழுக்கி வெளியேறுகிறது. புதிய கண்ணி அதனுள் நிலைக்கிறது. இந்த நாக்கு ஊசிக்கு மாத்யூ டவுன்செண்ட் என்ற ஆங்கிலேயர் 1849-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய இயந்திரங்களும் அதே அசைவில்தான் ஓடுகின்றன.

ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறது, நூல் எந்த வேகத்தில் ஊட்டப்படுகிறது என்பவற்றைப் பொறுத்து ஒரு கண்ணிக்குச் செலவாகும் நூலின் நீளம் அமைகிறது. தொழிலில் இதை லூப் லெங்த் என்பார்கள். 30-ஆம் நம்பர் நூலில் பின்னிய சாதாரண டி-ஷர்ட் துணிக்கு இது 3 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அந்த நூலில் ஒரு கிலோ சுமார் 50 கிலோமீட்டர் நீளம் வரும். ஆகவே 150 கிராம் எடையுள்ள ஒரு டி-ஷர்ட்டுக்குள் ஏழரைக் கிலோமீட்டர் நூல், 25 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணிகளாகச் சுருண்டு கிடக்கிறது. எண்ணிக்கை இவ்வளவு பெரியது என்பதால், ஒரு கண்ணியில் கூட்டும் மிகச் சிறு அளவும் மொத்தத்தில் பெரிய மாற்றமாகிறது. லூப் லெங்த்தை 2.8 மில்லிமீட்டரிலிருந்து 3.1 மில்லிமீட்டருக்கு உயர்த்தினால், ஒரு சதுர மீட்டருக்கு விழும் கண்ணிகள் குறைந்து, துணியின் எடை ஏறத்தாழ 10 சதவீதம் இறங்கிவிடும். நூல் கிலோ கணக்கில் வாங்கப்படுகிறது. டி-ஷர்ட் எண்ணிக்கைக் கணக்கில் விற்கப்படுகிறது. மலிவான பின்னலாடையின் கதையில் பெரும்பகுதி இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையில்தான் இருக்கிறது.

தளர்வாகப் பின்னிய துணி மெல்லியது என்பதோடு விஷயம் முடிவதில்லை. அடுத்தடுத்த கண்ணிகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்காதபோது அவை சாயவும் உருமாறவும் இடம் கிடைக்கிறது. நூலிலிருந்து இழைகள் நழுவி வெளியே வரவும் வழி உண்டாகிறது. மேலே சொன்ன மூன்று கோளாறுகளும் இந்தத் தளர்விலிருந்து வலுப்பெறுகின்றன.

முதலில் சுருக்கம். பின்னிய துணி எந்த அளவில் நிலைபெறும் என்பதை ஆராய்ந்த டி. எல். மண்டன் 1959-இல் வெளியிட்ட முடிவு இன்றும் பின்னல் தொழிலுக்கு அடிப்படைப் பாடம். துணி முழுமையாகத் தளர்ந்து ஓய்ந்த பிறகு, ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை கண்ணிகள் இருக்கும் என்பது, இயந்திரம் எதுவாயினும், லூப் லெங்த்தைப் பொறுத்தே அமைகிறது என்று அவர் காட்டினார். அதாவது ஒவ்வொரு கண்ணிக்கும் அது விரும்பி உட்காரும் ஒரு வடிவம் உண்டு. அதை இழுத்துவைத்தால் இழுத்த நிலையில் சிறிது காலம் நிற்கும். நனைந்து, பருத்தி இழைகள் நீரைக் குடித்துப் பருத்து, வாஷிங் மெஷினில் புரண்டு அலையும்போது உராய்வின் பிடி விலகி, கண்ணி தன் இயல்பு வடிவத்துக்குத் திரும்பிவிடும்.

சாயப்பட்டறையில் பனியன் துணி நீண்ட கயிறுபோல் திரண்டு, ஈரத்தின் பாரத்தோடு மணிக்கணக்கில் நெடுக இழுபடுகிறது. கண்ணிகள் ஒல்லியாக, உயரமாக மாறிவிடுகின்றன. இதைச் சரிசெய்யத்தான் கம்பாக்டிங் என்ற வேலை இருக்கிறது: நீராவி காட்டி, துணியை இழுக்காமல், வெளியேறும் வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் உள்ளே தள்ளி, கண்ணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி உட்கார வைப்பார்கள். முறையாகச் செய்தால், வாங்குபவர் வீட்டில் நடக்கவேண்டிய சுருக்கம் தொழிற்சாலையிலேயே நடந்து முடிந்துவிடும். ஏற்றுமதி ஆர்டர்களில் சுருக்கம் பொதுவாக 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று கேட்பதும், அதற்கென ஒவ்வொரு லாட்டிலும் துணியைத் துவைத்து அளந்து பார்ப்பதும் அங்கே அன்றாட நடைமுறை. ஆனால் நெருக்கிய துணியில் அதே கிலோவுக்கு மீட்டர் குறையும். நீட்டிவைத்த துணியில் அதே கிலோவுக்குக் கூடுதல் சட்டைகளை வெட்டலாம். சரக்கை விரைந்து, மலிவாகத் தரவேண்டிய நெருக்கடியில் இந்த வேலையே முதலில் அரைகுறையாகிறது. என் டி-ஷர்ட்டில் காணாமற்போன இரண்டு விரற்கடை நீளம் அப்படி இரவலாக வந்த நீளம்.

அடுத்தது திருகல். இதைப் புரிந்துகொள்ள, கிழிந்த பனியனிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு நூல் ஒன்றை உருவி, நன்றாக நனைத்து, இரு நுனிகளையும் பிடித்துக்கொண்டு கைகளை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். நடுவில் தொங்கும் நூல் சும்மா தொங்காது. தன்மேல் தானே சுற்றிக்கொண்டு பாம்புபோல் பின்னிக்கொள்ளும். 30-ஆம் நம்பர் நூலின் எந்த இடத்தை வெட்டிப் பார்த்தாலும் சுமார் 120 இழைகள் இருக்கும். ஒவ்வோர் இழையின் நீளமும் 3 சென்டிமீட்டரை ஒட்டியதுதான். பசையோ முடிச்சோ இல்லாமல் அவற்றைக் கட்டிப்பிடித்திருப்பது முறுக்கு மட்டுமே. அந்த முறுக்கு எப்போதும் பிரிந்துகொள்ளவே பார்க்கிறது. துணிக்குள் அகப்பட்ட நூல் சுழல முடியாததால், கண்ணியைச் சாய்த்து அந்த விசையைத் தணித்துக்கொள்கிறது. எல்லாக் கண்ணிகளும் ஒரே பக்கம் சாயும்போது, நெட்டு வரிசைகள் செங்குத்து நிலையை இழந்து சரிகின்றன. வெறும் 5 பாகை சரிந்தாலும், 60 சென்டிமீட்டர் நீளமுள்ள சட்டையின் அடியில் தையல் 5 சென்டிமீட்டருக்கு மேல் விலகிவிடும். சுமார் 90 நூல்கள் ஒரே நேரத்தில் ஊட்டப்படும் வட்ட இயந்திரத்தில் வரிசைகள் திருகுசுருள்போல் ஏறுவதும் இதனோடு ஓரிரு பாகையைச் சேர்க்கிறது.

தீர்வுகள் தெரியாதவை அல்ல. நூலை நீராவியில் பக்குவப்படுத்தி முறுக்கை அமைதிப்படுத்தலாம். எதிரெதிர் முறுக்குள்ள நூல்களை மாற்றி மாற்றி ஊட்டலாம். இரட்டைப்புரி நூலைப் பயன்படுத்தலாம். கண்ணியை இறுக்கமாகப் பின்னலாம். எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. செலவில்லாத வழி, சரிந்த துணியை ஃபினிஷிங்கின்போது நேராக இழுத்துப்பிடித்து இஸ்திரி போட்டு மடித்துவிடுவது. கடை அலமாரியில் அது நேராகவே இருக்கும். கழுத்துப் பட்டையில் வரும் ரிப் துணி இப்படித் திருகுவதில்லை. அதில் முன்முகக் கண்ணிகளும் பின்முகக் கண்ணிகளும் மாறி மாறி வந்து ஒன்றன் சாய்வை மற்றொன்று ஈடுசெய்கின்றன.

உருண்டை கட்டுவதன் வேர் இன்னும் பின்னோக்கி, நூற்பாலையில் இருக்கிறது. பின்னல் நூல் மென்மையாக இருக்கவேண்டும் என்பதால் அதற்குப் பாவு நூலைவிடக் குறைவாகவே முறுக்கேற்றுகிறார்கள். அந்தக் குறைந்த பிடியில் குட்டை இழைகள் நிற்பதில்லை. உரசல் பட்டதும் நுனிகள் வெளியே நீண்டு, பக்கத்து நுனிகளோடு சிக்கி உருள்கின்றன. நூற்பதற்கு முன் பஞ்சைச் சீப்பால் வாருவதுபோல் வாரிக் குட்டை இழைகளை நீக்கினால் கிடைப்பது கோம்டு நூல். அப்படி நீக்காதது கார்டட் நூல். வாரும்போது பஞ்சில் கணிசமான பங்கு கழிவாகப் போவதால் கோம்டு விலை கூடுகிறது. முழுப் பருத்தியில் உருண்டைகள் நாளடைவில் தாமாகவே உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் கலந்த துணியிலும் அக்ரிலிக் ஸ்வெட்டரிலும் அந்த வலிமையான செயற்கை இழை உருண்டையை அறுபடாமல் துணியோடு கட்டிவைத்துக்கொள்கிறது.

கடையில் நம் கை ஏமாறும் இடமும் இங்கேதான். பருத்தியைத் தின்னும் செல்லுலேஸ் நொதியில் துணியை ஊறவைத்தால் மேற்பரப்பின் ரோமம் அகன்று வழவழப்பாகும். அளவு மீறினால் நூலின் வலிமையும் கூடவே போகும். அதன்மேல் சிலிக்கோன் மென்மையூட்டி ஏற்றினால் சாதாரண கார்டட் துணியும் விலையுயர்ந்த துணிபோல் வழுக்கும். சலவைக்குச் சலவை அந்தப் பூச்சு கரைகிறது. மென்மையைத் தரம் என்று எடுத்துக்கொள்ளும் நம் பழக்கத்துக்காகவே இந்த வேலை நடக்கிறது என்பது எனக்கு வருத்தம் தருகிறது. ஏனெனில் நல்ல துணி கையில் சற்று அடர்த்தியாக, சற்று முரடாகத் தோன்றக்கூடும். அதை நாம் திருப்பி அடுக்கில் வைத்துவிடுகிறோம்.

தையலோரத்தில் திடீரென்று தோன்றும் ஓட்டைகளுக்குக் காரணம் வேறு. கூரிய அல்லது மழுங்கித் தேய்ந்த ஊசி, கண்ணிகளுக்கு இடையே புகுவதற்குப் பதிலாக நூலையே அறுத்துவிடுகிறது. பனியன் தைக்க உருண்டை முனை ஊசி தேவைப்படுவது இதனால்தான். அறுந்த அன்று ஒன்றும் தெரியாது. துவைக்கும்போது அறுந்த கண்ணி அவிழ்ந்து, மேலிருந்த கண்ணியையும் விடுவிக்கிறது.

லேபிளில் ‘100 சதவீதம் பருத்தி’ என்று இருக்கிறது. கோம்டா கார்டட்டா, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், துவைத்தால் எத்தனை சதவீதம் சுருங்கும் என்பவை தொழிற்சாலையின் பதிவேட்டில் இருக்கும். லேபிளில் பெரும்பாலும் இருப்பதில்லை. அவை அச்சிடப்படவேண்டும் என்றே நான் கருதுகிறேன். அதுவரை, துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கண்ணிகளின் நெருக்கத்தைப் பார்க்கலாம். குறுக்கே இழுத்துவிட்டு எவ்வளவு விரைந்து திரும்புகிறது என்று கவனிக்கலாம். தையலை விரித்து ஊசி ஓட்டைகள் உள்ளனவா என்று தேடலாம்.

கடைசியாக அந்த நீல டி-ஷர்ட்டை வெட்டினேன். அடிப்பகுதியில் 100 நெட்டு வரிசைகளை எண்ணிக் குறித்து, இருபுறமும் கத்தரித்து, ஒரு குறுக்கு வரிசையின் நூலை உருவி, வளைவு நீங்க நீவிப் பிடித்து அளந்தேன்: 31 சென்டிமீட்டர். பல ஆண்டுகள் உடுத்தி, இப்போது வண்டி துடைக்கப் பயன்படும் ஒரு பழைய வெள்ளை டி-ஷர்ட்டிலும் அதையே செய்தேன். நூலின் பருமன் பார்வைக்கு ஒன்றுதான். அதில் 100 கண்ணிகளுக்கு 27 சென்டிமீட்டர் இருந்தது. அதன் பக்கத் தையல் இன்றும் பக்கத்திலேயே இருக்கிறது.